தானாக ரீபூட் ஆகும் சர்வர்: சீரியல் கன்சோல் நாட்குறிப்பு

ஜூன் 4
சர்வர் மூன்றாம் முறையாகத் தானே ரீபூட் ஆனது. லாகில் ஒன்றுமில்லை: கடைசி வரி வழக்கமான கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலை, அடுத்த வரி புது பூட். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) விழும்போது லாகை டிஸ்க்கில் எழுதும் ப்ரோகிராமும் கூடவே நின்றுவிடும், அதுதான் காரணம். எனவே கர்னலின் கடைசிச் செய்திகளைச் சீரியல் போர்ட் (ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் பழைய வகை இணைப்பு) வழியே ஒரு லேப்டாப்பில் பிடிப்பதே திட்டம். அதில் எழுத டிஸ்க்கும் வேண்டாம், நெட்வொர்க்கும் வேண்டாம். கர்னல் ஒவ்வொரு எழுத்தாக நேரே சிப்பில் தள்ளிவிடும். அதனால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்தான் வேண்டும். யுஎஸ்பி அடாப்டர் லேப்டாப் பக்கம் மட்டும் இருக்கலாம்.

கேபிள் நல் மோடம் (இரு கணினிகளை நேரடியாக இணைக்கும்) வகை: 2, 3 பின்கள் குறுக்காக, 5 நேராக. மூன்று கம்பி போதும். 3.3 வோல்ட் டிடிஎல் (சிறு போர்டுகளுக்கான குறைந்த வோல்ட்) அடாப்டரை இதில் மாட்டவே கூடாது. ஆர்எஸ்-232 (இந்த சீரியல் போர்ட்டின் மின் தரநிலை) லைனில் கூட்டல், கழித்தல் இரு பக்கமும் 15 வோல்ட் வரை வரலாம், சிப் கருகிவிடும்.

ஜூன் 5
கிரப்பில் (கர்னலை ஏற்றும் பூட் லோடர்) கர்னலுக்கான ஆப்ஷன் வரியில் இரண்டு கன்சோல் (செய்தி போகும் இடம்) கொடுத்தாயிற்று: முதலில் திரை, கடைசியில் சீரியல். வேகம் 115200, 8 பிட், பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) இல்லை. செய்திகளை அடக்கும் 'க்வயட்' சொல்லை நீக்கி, எல்லாவற்றையும் காட்டும் 'இக்னோர் லாக்லெவல்' சேர்த்தாயிற்று. 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். நீளமான ட்ரேஸ் (விழுந்த இடத்தைக் காட்டும் செய்தி) முடிவதற்குள், உறைந்த கணினியை மீட்கும் ஹார்டுவேர் வாட்ச்டாக் டைமர் ரீசெட் அடித்துவிடலாம்.

லேப்டாப்பில் மினிகாம் (சீரியல் போர்ட்டைப் படிக்கும் ப்ரோகிராம்). ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை (தனிக் கம்பிகளால் 'நில், அனுப்பு' என்று சொல்லும் முறை) அணைக்க வேண்டும். மூன்று கம்பி கேபிளில் அதற்கான கம்பியே கிடையாது. வருவதையெல்லாம் சேமிக்கும் கேப்சர் கோப்பைத் திறந்து வைத்தாயிற்று.

ஜூன் 6
சோதனை. இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். வேலைகளை நிறுத்தி, சிங்க் (நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதும் கட்டளை) கொடுத்து, சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் வழி) மூலம் கர்னலை வேண்டுமென்றே விழவைத்ததில் முழு ட்ரேஸும் கோப்பில் விழுந்தது. கிறுக்கல் எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று பொருள். எதுவுமே வராவிட்டால் பயாஸில் போர்ட் அணைந்திருக்கிறதா, கேபிள் நேர் வகையா என்று பார்க்க வேண்டும். லைன் பேசுகிறது என்று உறுதியான பிறகே அதன் மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு: ஒரு வரியும் இல்லாமல் ரீபூட் ஆனால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம்.

ஜூன் 9
அதிகாலை 2:40. கோப்பின் கடைசி வரி: 'கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: ஃபேட்டல் மெஷின் செக்', அதாவது ஹார்டுவேர் பிழை என்று ப்ராசஸரே சொன்னதால் கர்னல் நின்றுவிட்டது. அதற்கு மேலே பேங்க் எண் (ப்ராசஸரில் பிழை பதிவான இடம்), 16 இலக்க ஸ்டேட்டஸ். அதன் கடைசி நான்கு இலக்கம் 0090. இன்டெல் ப்ராசஸரில் இது மெமரி கன்ட்ரோலர் பிழை: வாசிக்கும்போது, சேனல் (ரேமுக்குப் போகும் பாதை) 0. ட்ரைவர் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்பதை இந்த எண் சொல்லாது. சேனலுக்கு ஒரு ரேம்தான் இருக்கிறது. சேனல் 0, 1 இரண்டின் ரேமையும் இடம் மாற்றிப் போட்டாயிற்று. வேறெதையும் தொடவில்லை.

ஜூன் 16
மறுபடி பேனிக். கடைசி நான்கு இலக்கம் 0091. பிழை ரேமோடு சேர்ந்தே சேனல் 1-க்கு வந்துவிட்டது. அந்த ரேமைக் கழற்றியாயிற்று. கேபிள் மாட்டியபடியே இருக்கும்.