சிஸ்டம் அட்மின் வேலையிலிருந்து செக்யூரிட்டிக்கு: பாஸ்வேர்டு லாகினை நிறுத்துவதில் தொடங்கலாம்

செக்யூரிட்டிக்குப் போக நினைக்கும் அட்மின்கள் முதலில் தேடுவது சர்டிஃபிகேட்டை. கையிலிருக்கும் எல்லா சர்வர்களிலும் ஒரே ஒரு பாதுகாப்பு விதியை ஆன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) வழியே அமல்படுத்தி, அது அமலில் இருப்பதை நிரூபித்துக் காட்டுவது அதைவிட உதவும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்தி, சாவிக் கோப்பால் மட்டும் நுழைய விடுவது நல்ல தொடக்கம்.

கான்ஃபிக்கைத் தொடுமுன், இன்னும் பாஸ்வேர்டால் நுழைவது யார் என்று லாகில் (பதிவுக் கோப்பில்) பாருங்கள். உபுண்டுவில் 'ஆத்' லாக், ரெட் ஹேட்டில் 'செக்யூர்' லாக். 'அக்செப்டட் பாஸ்வேர்டு' என்று வரும் வரிகளைத் திரட்டினால், ஆட்களோடு பேக்கப் ஸ்கிரிப்டுகளும் சிக்கலாம். உபுண்டு வழக்கமாக நான்கு வாரப் பழைய லாகையே வைத்திருக்கும். காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் வேலை அதில் தெரியாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானையும் துழாவ வேண்டும்.

அடுத்தது பலர் இடறும் இடம். எஸ்எஸ்எச் சர்வர் ஓர் அமைப்புக்கு முதலில் படிக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படும். கிளவுட் உபுண்டுவில், முதல் பூட்டின்போது சர்வரை அமைக்கும் கிளவுட்-இனிட் எழுதிய, 50 என்று தொடங்கும் கோப்பு பாஸ்வேர்டை அனுமதித்திருந்தால், நீங்கள் 99 என்று பெயரிட்டு வைத்த கோப்பு செல்லாது. 10 என்று தொடங்குங்கள். பிளேபுக் (ஆன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்) பிழையின்றிப் பச்சையாக முடிந்ததை நம்பாமல், சர்வர் உண்மையில் எடுத்துக்கொள்ளும் அமைப்பை 'எஸ்எஸ்எச்டி' கட்டளையிடம் பெரிய 'டி' கொடுத்துக் கேளுங்கள். சிறிய 'டி' கான்ஃபிக் கோப்பும் சாவிகளும் செல்லுமா என்பதை மட்டுமே சரிபார்க்கும். ரீலோடுக்கு முன் அதுவும் அவசியம்.

பிளேபுக்கில் 'சீரியல்' 1 என்று வைத்து ஒவ்வொரு சர்வராக ஓட்டுங்கள். நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளாமலிருக்க, இன்னொரு செஷன் திறந்தே இருக்கட்டும்.

இதன் பலன் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்திருந்த பின்கதவு வெளியானது போன்ற நாட்களில் தெரியும். எந்த சர்வரில் அதன் 5.6.0 அல்லது 5.6.1 பதிப்பு இருக்கிறது என்பதே அன்றைய கேள்வி. இன்வென்டரியை (சர்வர் பட்டியலை) சரியாக வைத்திருப்பவர், சந்தேகத்துக்குரிய நிரலை ஓட்டாமல், பேக்கேஜ் மேனேஜரிடம் கேட்டுச் சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடலாம். செக்யூரிட்டி குழுக்கள் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான்.

பிறகு அதே பிளேபுக்கைத் தினமும், எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் 'செக்' முறையில் 'டிஃப்' சேர்த்து ஓட்டினால், யாரோ கையால் மாற்றியது வித்தியாசமாக வந்து நிற்கும். விதிவிலக்குகளை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் பொறுப்பாளர் பெயரோடும் காலாவதித் தேதியோடும் எழுதிவையுங்கள். 'டிஃப்' வெளியீட்டில் ரகசியங்கள் கசியும். அந்த டாஸ்குகளில், வெளியீட்டை மறைக்கும் 'நோ லாக்' போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, எல்லா சர்வரிலும் ரூட் ஆகக்கூடிய ஆன்சிபிள் சாவிதான் தாக்குபவருக்கு ஆகப்பெரிய பரிசு. அதற்குப் பாஸ்ஃபிரேஸ் (சாவியைப் பூட்டும் கடவுச்சொற்றொடர்) வையுங்கள். ஒவ்வொரு சர்வரின் அனுமதித்த சாவிகள் இருக்கும் 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பிலும் அந்தச் சாவிக்கு 'ஃப்ரம்' சேர்த்து, ஆன்சிபிள் ஓடும் கணினியின் ஐபியிலிருந்து மட்டும் அனுமதியுங்கள்.