சீவாளியும் பல் கம்பியும்

3 நவம்பர் 2024, ஞாயிறு

நாகஸ்வரச் சாதகம் முடித்து வந்த மகள் கண்ணாடி முன் நின்று மேலுதட்டை விரலால் மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு புண், மிளகளவு. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. வலது மேல் கோரைப்பல் வரிசையில் இறங்காமல் ஈறின் மேலேயே தங்கி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. வாத்திய நுனியில் செருகும் சீவாளியை உதட்டால் கவ்வி ஊதும்போது அந்த முனை போய்க் குத்துகிறது.

அவளுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. நாகஸ்வரம் பிடித்து நான்கு வருஷம் ஆகிறது. "தெத்துப்பல் அதிர்ஷ்டம்டா, அதுல கை வைக்காதே" என்று என் அம்மா சொல்லிச் சொல்லியே இதுவரை தள்ளிப்போட்டுவிட்டோம். இன்றைக்குப் புண்ணைப் பார்த்தபிறகு அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

கும்பகோணத்தில் எங்களுக்கு வழக்கமாகப் பல் பார்க்கும் டாக்டருக்கு போன் செய்தேன். "கிளிப் போட வேண்டியதுதான் சார். ஆனா அது நான் செய்யற வேலை இல்ல. ஆர்த்தோ படிச்சவங்ககிட்ட போங்க" என்றார். ஐந்து வருஷம் பி.டி.எஸ்., அதற்குமேல் பல் சீரமைப்புக்கென்றே மூன்று வருஷம் எம்.டி.எஸ். படித்தவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதே இன்றுதான் எனக்குத் தெரிந்தது. வந்த வேலையைக் கைநழுவ விட்டாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொன்ன அந்த டாக்டர் மேல் மரியாதை கூடிவிட்டது.

9 நவம்பர், சனி

சென்னையில் இருக்கும் அக்கா மகன் போனில் சொன்னான்: "மாமா, கம்பியெல்லாம் எதுக்கு? அலைனர் போடுங்க. வெளியே தெரியாது. சாப்பிடறப்போ கழட்டி வச்சுக்கலாம்." அவன் ஒன்றரை வருஷமாகப் போட்டிருக்கிறான். கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தட்டு, பல்லின் மேல் உறை போல உட்காரும். வழவழப்பாக இருப்பதால் உதட்டில் குத்தாது என்று அவன் சொன்னதும் எனக்குப் பாதி முடிவாகிவிட்டது.

தெரிந்தவர் சொன்ன ஓர் இடத்துக்கு மகளை அழைத்துப் போனேன். பேனா போன்ற கருவியை ஓர் இளைஞர் வாய்க்குள் ஓட்டினார். ஐந்தே நிமிஷத்தில் அவள் பல் வரிசை முழுவதும் திரையில் வந்தது. அப்புறம் ஒரு படம் ஓடவிட்டார். கோணல் பல்லெல்லாம் நகர்ந்து நகர்ந்து நேராகி நின்றன. ஏழு மாதம், 1,65,000 ரூபாய். இன்றே முன்பணம் கட்டினால் 20,000 குறையும்.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார். "டாக்டர் எப்ப பார்ப்பார்?" ஆன்லைனில் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுவார் என்றார். எங்கள் பாத்திரக்கடையில் ஓர் அண்டா வாங்க வருகிறவர்கூட அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். தாடைக்குள் வேர் எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் ஏழு மாதம் என்று எப்படிச் சொல்ல முடியும்? யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவந்துவிட்டோம்.

இரவு உட்கார்ந்து படித்தேன். இந்தத் தட்டு யோசனையை வியாபாரமாக்கியது அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி, இன்விசலைன் என்ற பெயரில். தொடங்கியவர்களில் ஒருவர் பெரியவரான பிறகு கம்பி போட்டுக்கொண்டவர். கம்பி எடுத்தபின் கொடுத்த தட்டைச் சில நாள் போடாமல் விட்டால் பல் நகர்வதையும், திரும்பப் போட்டால் பழைய இடத்துக்கு வருவதையும் கவனித்திருக்கிறார். அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிய தட்டுகளை வரிசையாகப் போட்டே பல்லை நகர்த்தலாமே என்று தோன்றியிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் வீட்டுக்கே தட்டை அனுப்பிவைத்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் இழுத்து மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள் என்றும் படித்தேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

16 நவம்பர், சனி

தஞ்சாவூரில் ஆர்த்தோ டாக்டர். ஐம்பதை நெருங்கும் அம்மா. முதலில் இரண்டு எக்ஸ்ரே: தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. ஒன்று, பக்கவாட்டில் எடுத்தது ஒன்று. படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து என்னைவிட மகளிடம்தான் அதிகம் பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் சரியாகப் பொருந்துகின்றனவாம். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க டாக்டர் 1899-ல் வகுத்த கணக்கின்படி 'கிளாஸ் ஒன்'. பிரச்சினை இடம்தான். பல் பெரிது, தாடையில் இடம் குறைவு. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கோரைப்பல்லுக்கு அடுத்த பல் நான்கையும் எடுத்தால்தான் எல்லாம் வரிசையில் இறங்கும். அலைனர் இடத்தில் காட்டிய படத்தில் இந்த நான்கு பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை!

பல் எப்படி நகரும் என்று மகள் கேட்டாள். பல் எலும்பில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது என்றார் டாக்டர். பல்லை ஒரு பக்கமாக லேசாக, விடாமல் தள்ளினால் அந்தப் பக்கத்து எலும்பு கரையும், பின்பக்கம் புது எலும்பு வளரும். கம்பியானாலும் தட்டானாலும் நடப்பது இதுதான். அழுத்துகிற விதம்தான் வேறு. ஒவ்வொரு தட்டும் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தும், ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு நாளில் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். "மேலே ஏறி நிக்கிற கோரைப்பல்லைக் கீழே இழுக்கறதும், பல் எடுத்த இடத்துல வேரோட சேர்த்து நேரா நகர்த்தறதும் தட்டுக்குக் கஷ்டம். முடியாதுன்னு சொல்லமாட்டேன். பல்லுமேல சின்னச் சின்ன மேடு ஒட்டணும், நடுவுல திரும்ப அளவு எடுக்க வேண்டிவரலாம்."

"மேடு ஒட்டுவீங்களா? அப்ப வெளியே தெரியுமே" என்றாள் மகள். கிட்டத்தில் பார்த்தால் தெரியும் என்றார்.

அப்புறம் மேஜை டிராயரிலிருந்து குதிரை லாடம் போல் வளைந்த ஒரு கம்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். முடியைவிடக் கொஞ்சம் தடிமன், வெள்ளி நிறம். வளைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு நுனியும் குறுக்கே போகும்படி முறுக்கினேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பித்தளையும் செம்பும்தான் சோறு போடுகின்றன. பித்தளைக் கம்பியை அப்படி முறுக்கினால் முறுக்கினபடியே இருக்கும். இது விட்டதும் துள்ளி, முதலில் இருந்த வளைவுக்கே வந்து நின்றது. நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை, அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. "கோணல் பல்லுல கட்டினா அது கோணலா வளையும். ஆனா தன் வளைவு அதுக்கு ஞாபகம் இருக்கும். திரும்பி வர்றப்போ பல்லையும் கூட்டிட்டு வந்துரும்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்தக் கம்பியைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உலோகக் கம்பி 48,000. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் வில்லை பல் நிறத்துப் பீங்கானாக இருந்தால் 62,000. அலைனர் என்றால் 1,80,000. கம்பிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு வருஷம். எதைப் போட்டாலும் முடிந்தபின் பல்லை அங்கேயே பிடித்துவைக்கும் ரிடெய்னர் உண்டு. அதை விட்டால் பல் பழைய இடத்துக்கே நடக்கும்.

23 நவம்பர், சனி

கடைக்கு லீவு போட்டு ஒரு காரியம் செய்தேன். மகளின் வாய் இன்று எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்று கடிகாரம் வைத்து எழுதினேன். காலை காபி 15 நிமிஷம். இட்லி 25. பதினொரு மணிக்குக் கொய்யாப்பழம் 10. மதியச் சாப்பாடு 35. சாயங்காலம் சுண்டலும் டீயும் 25. அது முடிந்த கையோடு சாதகம் 80. ராத்திரி தோசை 30. ஆறு முறை கழற்றி, வாயும் தட்டும் கழுவித் திரும்பப் போட ஐந்தைந்து நிமிஷம், 30. மொத்தம் 250 நிமிஷம், நான்கு மணி பத்து நிமிஷம். மிச்சம் 19 மணி 50 நிமிஷம்தான் வருகிறது.

தட்டோடு ஊத முடிந்தால் 21-ஐத் தாண்டும். ஆனால் இது வீட்டில் என் கண் முன்னால் இருந்த நாள். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் தட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிவைத்து, அதை யாரோ குப்பையில் போடுவது என் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொரு பக்கம், சூடான டீயைத் தட்டோடு குடிக்கக் கூடாது, நிறமும் ஏறும், வடிவமும் கெடும். எங்கள் வீட்டில் டீ வேண்டாம் என்பவர் யாரும் இல்லை.

24 நவம்பர், ஞாயிறு

நாகஸ்வர வாத்தியார் வீட்டுக்குப் போனோம். நான்கு பல் எடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, பல்லுதான் நமக்கு அணை. அது போச்சுன்னா உதட்டுக்குப் பிடி ஏது?" முன்பல் இல்லை, பக்கத்துப் பல்தான், அந்த இடமும் மூடிவிடும் என்று விளக்கியபிறகுதான் தணிந்தார்.

நாகஸ்வரத்தில் ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்று ஸ்வர ஸ்தானங்களைக் காற்றாலும் உதட்டாலும்தான் பிரித்தெடுக்க வேண்டும். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் எது வந்தாலும் சுருதி நகரும் என்பது அவர் கவலை. கம்பியும் நடுவில் வரும், தட்டும் வரும். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவளிடம் கேட்டார்: "தட்டுன்னா போட்டு ஊதுவியா, கழட்டிட்டு ஊதுவியா?"

"தெரியலை ஐயா. கச்சேரின்னா கழட்டிடுவேன்னு நினைக்கிறேன்."

"அப்ப உதடு ரெண்டு விதமாப் பழகணும். போட்டா ஒரு விதம், கழட்டினா ஒரு விதம். கம்பின்னா ஒண்ணுதான். கஷ்டப்படுவே, ஆனா அதிலேயே பழகிடும்."

இதை எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

30 நவம்பர், சனி

முடிவை அவளிடமே விட்டேன். ஒரு வாரமாக ஒன்றும் பேசவில்லை. இன்று பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "கம்பியே போட்டுக்கறேன் அப்பா. தட்டுன்னா ஒவ்வொரு தடவையும் நான் ஞாபகம் வச்சுக்கணும். கம்பி அதுவே ஞாபகம் வச்சுக்கும்."

பணத்துக்காகச் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். "இல்லப்பா, நிஜமாவே" என்றாள். ஆனாலும் ராத்திரி மனைவியை விட்டு இன்னொரு முறை கேட்கச் சொன்னேன். அதே பதில்தான். பீங்கான் வில்லை வேண்டுமா என்றதற்கு, அது கொஞ்சம் தடிமனாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவளே நினைவுபடுத்தினாள்.

14 டிசம்பர், சனி

போன வாரம் வலது பக்கம் இரண்டு, இன்று இடது பக்கம் இரண்டு. மரத்துப்போக ஊசி போட்டதால் எடுக்கும்போது வலி இல்லை, அழுத்தம் மட்டும் தெரிந்தது என்றாள். ஐஸ்கிரீமும் தயிர்சாதமும்.

28 டிசம்பர், சனி

கம்பி கட்டியாயிற்று. பல்லை உலர்த்தி, ஒரு ஜெல் தடவிக் கழுவி, ஒவ்வொரு வில்லையாகப் பசை வைத்து ஒட்டி, நீல வெளிச்சம் காட்டி இறுக்கினார்கள். ஒன்றரை மணி நேரம். வில்லையையும் கம்பியையும் சேர்த்துப் பிடிக்கும் குட்டி ரப்பர் வளையம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். நிறமில்லாததைக் கைகாட்டினாள். உதவிக்கு இருந்த அக்கா சிரித்துவிட்டு, "சாம்பார் சாப்பிட்டா மூணே நாள்ல மஞ்சளாயிடும்மா" என்றார். மயில்நீலம் எடுத்துக்கொண்டாள்.

வரும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது: வில்லையைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் பல்லில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு விழும், கம்பி எடுத்தபிறகும் எளிதில் போகாது. சின்ன புருசு ஒன்று கொடுத்திருக்கிறார்.

31 டிசம்பர், செவ்வாய்

மூன்று நாளாகப் பல் எல்லாம் கூசி வலிக்கிறது. ரசம் சாதம் மட்டும். நாகஸ்வரத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. ராத்திரி அவள் அழுததைக் கேட்டுவிட்டு, தட்டையே போட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். காலையில் மனைவி, "தட்டு மாத்தினாலும் ரெண்டு நாள் வலிக்கும்னுதான் டாக்டர் சொன்னாங்க" என்றாள். வாஸ்தவம்தான்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். வாங்கின கரும்பை யாரும் கடிக்கவில்லை. அவள் முன்னால் கடிக்க மனம் வரவில்லை. பக்கத்துக் கடையில் சாறு பிழிந்து எல்லோரும் குடித்தோம்.

8 பிப்ரவரி, சனி

ஒரு வில்லை பெயர்ந்துவிட்டது. சீடை. ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் திரும்ப ஒட்டி, கொஞ்சம் தடித்த கம்பி மாற்றினார்.

ஊதுவது இப்போது இப்படி நடக்கிறது: டாக்டர் கொடுத்த மெழுகைப் பட்டாணி அளவு கிள்ளி, விரலில் உருட்டி, முன்பல் நான்கின் வில்லைகள் மேல் பட்டையாக அழுத்திக்கொள்கிறாள். ஆரம்பத்தில் பத்து நிமிஷம்தான் முடிந்தது. கீழ் ஸ்தாயியிலேயே நீளமாக ஊது, வேறெதுவும் வேண்டாம் என்றிருக்கிறார் வாத்தியார். இந்த வாரம் அரை மணியைத் தொட்டாள். மேல் ஸ்தாயிக்குப் போனால் உதட்டின் அழுத்தம் கூடுவதால் இன்னும் வலிக்கிறது. அங்கே சுருதியும் ஒரு மயிரிழை இறங்குகிறது.

12 மார்ச், புதன்

மாசி மகம். மகாமகக் குளக்கரையில் காலையிலிருந்தே கூட்டம். அவள் வாசிக்கப் போகவில்லை, கேட்கத்தான் போனோம். வீட்டுக்கு வந்ததும் நாகஸ்வரத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். மெழுகு வைக்க மறந்துவிட்டாள் என்பதை நான்தான் கவனித்தேன், சொல்லவில்லை. நாற்பது நிமிஷம். மேல் ஷட்ஜத்தில் நின்றபோது சுருதி தம்புரா பெட்டியோடு சேர்ந்தே நின்றது.

முடித்துவிட்டுக் கண்ணாடி முன் போய் உதட்டை மடித்துப் பார்த்தாள். கீழுதட்டின் உள்பக்கம் வில்லைகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. மேலே, அந்தக் கோரைப்பல் குத்தும் இடத்தில் ஒன்றும் இல்லை. பல் பாதி தூரம் இறங்கியிருக்கிறது. அடுத்த முறை 22-ஆம் தேதி. ரப்பருக்குப் பச்சை நிறம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.