கார் அவரிடம், கடன் இருவர் பேரிலும்

விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்து 14 மாதம் கழித்து, வேலைக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று கடனுக்கு விண்ணப்பித்தேன். சின்னத் தொகைதான். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வேறு கடன் கிடையாது, இரண்டு நாளில் கிடைத்துவிடும் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது அந்த அலுவலர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "மேடம், உங்க பேர்ல ஒரு கார் லோன் ஓடுது, அதுல ரெண்டு தவணை லேட்னு காட்டுது" என்றார். என்னிடம் காரே இல்லை.

கார் என் முன்னாள் கணவரிடம் இருந்தது. சேர்ந்து வாழ்ந்தபோது வாங்கியது, 84 மாதத் தவணை. ஒருவர் சம்பளத்துக்கு அந்தத் தொகை கிடைக்காது என்றதால் நானும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டேன். பதிவுச் சான்று மட்டும் அவர் பெயரில். பிரியும்போது, காரை அவர் வைத்துக்கொள்வது, மீதித் தவணை முழுவதையும் அவரே கட்டுவது என்று பேசி முடித்தோம். தீர்ப்பிலும் அது அப்படியே ஏறியது. நீதிமன்றமே எழுதிவிட்டது, இனி அந்தக் கடனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் முழுசாக நம்பினேன்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்து தீர்ப்பின் அந்தப் பத்தியை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். எதிர்முனையில் இருந்த பெண் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம், "அந்த கேஸ்ல நாங்க ஒரு பார்ட்டி இல்லையே மேடம். எங்க அக்ரிமென்ட்ல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். மறுநாள் வக்கீலிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். தீர்ப்பு எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. கடன் ஒப்பந்தம் எங்கள் இருவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் உள்ளது. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க முடியாது. அவர் கட்டத் தவறினால், தீர்ப்பைக் காட்டி அவரிடமிருந்து பணத்தை வசூலிக்க நான் நீதிமன்றம் போகலாம். அது முடிகிற வரைக்கும் நிறுவனம் என்னைக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

அன்று இரவு பழைய கோப்பை எடுத்து ஒப்பந்தத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். ஏழாம் பக்கத்தில், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்ட பெயரில் என் கையெழுத்து. அதற்கு மேலே "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று ஒரு வரி. இரண்டு பேர் கடன் என்றால் ஆளுக்குப் பாதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் முழுவதையும் கட்ட வேண்டும். ஆனால் பதிவுச் சான்றில் என் பெயர் இல்லாததால் காரை விற்கவோ எடுத்துக்கொள்ளவோ எனக்கு எந்த உரிமையும் இல்லை. நிறுவனம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏலத்தில் கிடைத்த விலைக்கு விற்றால், குறைகிற தொகைக்கு நானும் பொறுப்பு. கட்ட வேண்டிய கடமை மட்டும் முழுசாக என்னிடம் இருந்தது. வெகு நேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவருக்குப் போன் செய்யவே மூன்று நாள் ஆயிற்று. ஒன்பது வருஷம் என்னை "நீ" என்று கூப்பிட்டவர், "சொல்லுங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. ஆனால் பேசியதால்தான் விஷயம் புரிந்தது. பிரியும்போது எங்கள் கூட்டுக் கணக்கை மூடினோம் இல்லையா, தவணை தானாகப் போய்க்கொண்டிருந்தது அந்தக் கணக்கிலிருந்துதான். அவர் கணக்குக்கு அதை மாற்றுவதற்குள் ஒரு தவணை தவறிவிட்டது. இன்னொரு தடவை கையில் பணம் இல்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்குன்னு நினைச்சேன்" என்றார். என்னைப் போலவே அவரும் அது இனி தன் கடன் மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார். நிறுவனத்தின் கடிதங்கள் எல்லாம் நாங்கள் இருவருமே காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்குப் போயிருக்கின்றன.

அந்த வாரமே இரண்டு காரியம் செய்தேன். கடன் கணக்கில் என் இப்போதைய முகவரியையும் போன் நம்பரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இணைக் கடன்தாரர் என்ற முறையில் தவணை விவரம் கேட்க எனக்கு உரிமை உண்டு. கேட்டதும் கொடுத்தார்கள், நான்தான் அதுவரை கேட்கவில்லை. அடுத்தது, காருக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுப் பிரதி வாங்கினேன். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி நொறுங்கினால் வண்டி போய்விடும், கடன் போகாது. மூன்றாவது தடவையாகத் தவணை இழுத்தபோது, 30 நாள் தாண்டி என் கடன் அறிக்கையில் (யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவு அது) ஏறுவதற்குள் நானே கட்டினேன். 30, 60, 90 என்று நாள் ஏற ஏறக் கறை அழுத்தமாகிக்கொண்டே போகும். கட்டிய ரசீதை அவருக்கு அனுப்பி, இது உங்கள் பங்கு, உங்களுக்காகக் கட்டியிருக்கிறேன் என்று எழுத்தில் சொன்னேன். வக்கீல் சொல்லிச் செய்தது அது.

என் பெயரை மட்டும் நீக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டேன். இருவர் சம்பளத்தை நம்பிக் கொடுத்த கடனில் ஒருவரை விட்டுவிட அவர்கள் சம்மதிக்கவில்லை. அவர் தனி ஆளாகப் புதிதாகக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும் என்றார்கள். அவரும் மறுப்புச் சொல்லாமல் இரண்டு இடத்தில் விண்ணப்பித்தார். சம்பளம் போதவில்லை என்று ஓரிடத்திலும், அதே இரண்டு தாமதத்தைக் காட்டி இன்னோரிடத்திலும் மறுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது விற்பதுதான். அங்கேதான் பெரிய இடி. வண்டிக்குக் கிடைக்கும் விலை 100 என்று வைத்துக்கொண்டால், கடன் பாக்கியும் முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணமும் சேர்ந்து 112 வந்தது. அந்த 12-ஐ யார் போடுவது? தீர்ப்புப்படி அவர்தான். அவரிடம் 6 இருந்தது. மீதி 6-ஐ நான் போட்டேன். என் அண்ணன் இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, "வண்டி ஓட்டினது யாரு, காசு கட்டினது யாரு" என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் இன்னும் 31 தவணை பாக்கி. 31 மாதமும், ஒவ்வொரு மாதமும் அவர் கட்டினாரா என்று பயந்துகொண்டு இருப்பதா, ஒரே தடவையில் இந்த நஷ்டத்தை ஏற்பதா என்று பார்த்தபோது எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் பட்டது. அவர் அந்த 6-ஐத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். பாதி வந்துவிட்டது.

கடனை முடிக்கிற தொகைக்கு நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதை நன்றாகப் பாருங்கள். பாக்கி அசலை ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி. எங்கள் முதல் கடிதம் காலாவதியாகி, வாங்குபவர் ஒரு வாரம் தள்ளி வந்ததால் புதுக் கடிதம் வாங்க வேண்டியதாயிற்று, ஏழு நாள் வட்டியும் ஏறியது. வாங்குபவர் பணத்தை அவர் கையிலோ என் கையிலோ கொடுக்கவில்லை. நிறுவனத்தின் கடன் கணக்கில் நேராகவே கட்டினார், எங்கள் பங்கை நாங்கள் கட்டினோம். அதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. எல்லாம் முடிந்து கிளம்பும்போது என் பையில் இன்னொரு சாவி இருந்தது ஞாபகம் வந்தது. பிரிந்தபோது கொடுக்க மறந்த சாவி, மகள் கட்டிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நூலை அவிழ்த்துக்கொண்டு சாவியை, காரை வாங்கியவரிடம் கொடுத்தேன். என் முன்னாள் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை.

கடன் முடிந்ததற்கான கடிதத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்தேன். முதலில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது, மாற்றித் தரச் சொல்லிக் காத்திருந்தேன். என் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போடச் சொன்னேன். பதிவுச் சான்றிலிருந்து கடன் குறிப்பை நீக்குவதும் பெயர் மாற்றுவதும் அவரும் வாங்கியவரும் சேர்ந்து செய்தார்கள். அது முடிந்ததற்கான நகலையும் கேட்டு வாங்கிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து என் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. முடிந்த கடிதத்தை இணைத்துத் திருத்தம் கேட்டு எழுதினேன், சரி செய்தார்கள். தாமதமான அந்த இரண்டு மாதமும் மட்டும் நீங்கவில்லை, நிஜமாகவே தாமதமானதால் அதை நீக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அதனால் ஸ்கூட்டருக்கு மறுபடி விண்ணப்பித்தபோது, தீர்ப்பின் அந்தப் பக்கத்தையும், கடன் முடிந்த கடிதத்தையும், மூன்றாவதாக இழுத்த தவணையை நான் கட்டிய ரசீதையும் ஒன்றாகப் பின் பண்ணி விண்ணப்பத்தோடு வைத்தேன். இந்த முறை கடன் கிடைத்தது. என் பெயரில் மட்டும்.