11 ஜிபி காலி, ஆனாலும் இடமில்லையாம்

நான்கு மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மொட்டைமாடி வெப்பநிலைப் பதிவு ஞாயிறு விடிகாலையில் நின்றுவிட்டது. லாக் முழுக்க ஒரே வரி, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. வட்டில் எவ்வளவு இடம் செலவானது என்று காட்டும் லினக்ஸ் கட்டளை டிஎஃப் -எச் போட்டால் 16 ஜிபி பார்ட்டிஷனில் (வட்டின் ஒரு பகுதி) 27 சதவீதம்தான் செலவாகியிருக்கிறது.

இதற்கு வழக்கமான காரணம் வேறு: அழித்த கோப்பை ஏதாவது புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தால் டிஎஃப் நிரம்பியதாகக் காட்டும், கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ குறைவாகக் காட்டும். இங்கே டிஎஃப்பே காலி என்கிறது. ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டே மூன்று மணி நேரம் போயிற்று. அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது: இருக்கிற கோப்பில் எக்கோ மூலம் ஒரு வரி சேர்த்தால் சேருகிறது, டச் கட்டளை போட்டுப் புதுக் கோப்பு திறந்தால் மட்டும் அதே பிழை. உடனே டிஎஃப் -ஐ போட்டேன், அது ஐநோட் கணக்கைக் காட்டும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவு இடம்தான் ஐநோட்). ஐநோட் 100 சதவீதமும் தீர்ந்திருந்தது!

இந்தப் பார்ட்டிஷனின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4, ஃபார்மட் செய்யும்போதே வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோட் என்று ஒதுக்கிவிடும், பிறகு அந்த விகிதத்தை மாற்ற வழியில்லை. 16 ஜிபிக்கு 10,48,576 ஐநோட். என் ஸ்கிரிப்ட் 10 நொடிக்கு ஒரு கோப்பு, அதாவது நாளைக்கு 8,640 எழுதுகிறது. வகுத்துப் பார்த்தால் சரியாக 121 நாள். கணக்கு இப்படிப் பொருந்தியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அழிப்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. அழிக்கும் கட்டளை ஆர்எம்முக்கு 'எல்லாக் கோப்பும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கொடுத்தால் 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்'. பத்து லட்சம் பெயரையும் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் புரோகிராம்) விரித்து ஒரே கட்டளையில் திணிக்கப் பார்க்கிறது, என் கணினியில் அதற்கு உச்சவரம்பு 2 எம்பி. பெயர்களைப் பட்டியலிடும் வெறும் எல்எஸ் கூட எல்லாப் பெயரையும் வரிசைப்படுத்திவிட்டுத்தான் வாய் திறக்கும், எல்எஸ் -எஃப் (சிறிய எழுத்து எஃப்) போட்டால் உடனே கொட்டுகிறது. ஃபைண்ட், சார்ட், எக்ஸ்ஆர்க்ஸ், கேட் நான்கையும் பைப்பில் (ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடு) கோத்து முதலில் எல்லா அளவீட்டையும் ஒரே கோப்பாக்கினேன் (அதையும் ஹோம் பார்ட்டிஷனில்தான் வைக்க முடிந்தது, இங்கே புதுக் கோப்புக்கு ஐநோட் ஏது). பழைய கோப்பு ஒவ்வொன்றும் 40 பைட், ஆனால் ஆளுக்கொரு 4 கேபி பிளாக்கை (வட்டில் இடம் ஒதுக்கும் அலகு) பிடித்து உட்கார்ந்திருந்தது. 4 ஜிபி அடைத்திருந்த தரவு மொத்தமே 42 எம்பி! அதைச் சரிபார்த்த பிறகு ஃபைண்ட் -டெலீட். இருபத்தைந்து நிமிடம் ஓடியது.

எல்லாம் போன பிறகும் அந்தக் காலி ஃபோல்டர் மட்டும் 40 எம்பிக்குக் குறையாமல் நிற்கிறது. ஈஎக்ஸ்டி4 ஃபோல்டர் ஒருமுறை பெருத்தால் தானாகச் சுருங்காது. புது ஃபோல்டர் உருவாக்கிப் பழையதை ஆர்எம்டிஐஆர் கட்டளையால் நீக்க வேண்டியதாயிற்று.

இனி நாளுக்கு ஒரே கோப்பு, அதிலேயே வரி வரியாகச் சேரும். பழைய உதிரி விற்பவரிடம் ஒரு எஸ்எஸ்டி கேட்டு வைத்திருக்கிறேன், வந்தால் அதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறை போடப் போகிறேன், அது ஐநோட்டைத் தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும். ஈரப்பத சென்சாரும் சேர்க்க ஆசை. ஆனால் ஸ்கிரிப்டில் நள்ளிரவில் கோப்பு மாற்றும் பகுதி இன்னும் பாக்கி.