ஒரே ஆர்டருக்கு மூன்று இன்வாய்ஸ்: இரு மென்பொருள்களை இணைத்த அனுபவம்

எங்கள் நிறுவனத்தின் ஆர்டர் மென்பொருளையும் கணக்கு மென்பொருளையும் இணைத்து, ஆர்டர் உறுதியானதும் இன்வாய்ஸ் தானாக உருவாகும்படி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏபிஐ சாவி (ஒரு மென்பொருள் இன்னொன்றை அணுக அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) பெற்றுச் சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்ப்பது வரை ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது.

முதல் சிக்கல் வாடிக்கையாளர் பட்டியலில் வந்தது. பழைய மென்பொருளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைப் பட்டியல்) எக்செலில் திறந்து சேமித்துக் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர் குறியீடுகளை எக்செல் எண்களாகக் கருதி முன்னால் இருந்த பூஜ்யங்களை நீக்கியதால், 00417 என்ற வாடிக்கையாளர் 417 ஆகி, அவர் பெயரில் இரண்டாவது கணக்கு உருவாகிவிட்டது. இத்தகைய கோப்பை நேரடியாகத் திறக்காமல், இறக்குமதி வழியாக அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ எனக் குறித்தே திறக்க வேண்டும். நீளமான எண்களில் இழப்பு இன்னும் பெரியது: 15 இலக்கங்களுக்குப் பின் வருபவற்றை எக்செல் பூஜ்யமாக்கிவிடும்; சேமித்த பிறகு அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க முடியாது.

பட்டியலைச் சரிசெய்து இணைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். மாதக் கடைசியில், சில ஆர்டர்களுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று இன்வாய்ஸ்கள் இருப்பதாகக் கணக்குப் பிரிவிலிருந்து தகவல் வந்தது. ஆர்டர் மென்பொருளின் உதவிப் பிரிவுக்கு இரு முறை எழுதினேன். ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாகவே இயங்குகிறது’ என்று இரு முறையும் ஒரே பதிலை அனுப்பி, கோரிக்கையை மூடிவிட்டார்கள். அந்த நாள்களில் கணக்குப் பிரிவினர் ஒவ்வொரு இன்வாய்ஸாகச் சரிபார்த்துக் கையால் ரத்து செய்ய வேண்டியிருந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

காரணம் கடைசியில் எங்கள் சர்வர் லாகில் (சர்வரின் செயல் பதிவேட்டில்) தெரிந்தது. வெப்ஹுக் செய்தி (ஆர்டர் உறுதியானதும் ஆர்டர் மென்பொருள் எங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பு) வந்ததும் எங்கள் நிரல் வாடிக்கையாளரைத் தேடி, வரியைக் கணக்கிட்டு, இன்வாய்ஸை உருவாக்கிய பிறகே ‘செய்தி கிடைத்தது’ எனப் பொருள்படும் 200 என்ற பதிலை அனுப்பிக்கொண்டிருந்தது. மாதக் கடைசிச் சுமையில் கணக்கு மென்பொருள் மெதுவானபோது பதில் தாமதமாக, செய்தி சேரவில்லை என்று கருதிய ஆர்டர் மென்பொருள் அதையே மீண்டும் அனுப்பியிருக்கிறது. வெப்ஹுக் பொதுவாக ஒரு முறையாவது சேரும் என்ற உறுதியைத்தான் தருகிறது. ஒரே ஒரு முறைதான் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. உதவிப் பிரிவு இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தாலே போதும். சோதனைச் சூழலில் சுமையே இல்லாததால் இது அங்கே தலைகாட்டவில்லை.

இப்போது செய்தியைச் சேமித்த உடனே 200 அனுப்பிவிட்டு, இன்வாய்ஸ் வேலையைத் தனி வரிசையில் வைத்துச் செய்கிறோம். ஒவ்வொரு செய்தியோடும் வரும் நிகழ்வு எண்ணை டேட்டாபேஸில் யூனிக் கீயாக (ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத புலமாக) வைத்திருப்பதால், அதே செய்தி மறுபடி வந்தால் பதிவு ஏறாது. முதலில், அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டு எழுதும்படி நிரலை அமைத்துப் பார்த்தேன். இரு பிரதிகள் ஒரே கணத்தில் வந்தபோது இரண்டு தேடலுக்கும் ‘இல்லை’ என்றே விடை கிடைத்து, இரண்டும் உள்ளே புகுந்துவிட்டன. ஆகவே தடை டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும்.

அடுத்த மாதக் கடைசிக்கு முன், ஒரே செய்தியை வேண்டுமென்றே ஐந்து முறை அனுப்பிப் பார்த்தேன். ஒரு இன்வாய்ஸ்தான் உருவானது. அந்த மாதம் ஆர்டர் எண்ணிக்கையும் இன்வாய்ஸ் எண்ணிக்கையும் ஒத்துப்போக, கணக்குப் பிரிவினர் ஒன்றைக்கூட ரத்து செய்யாமல் மாதக் கணக்கை முடித்தார்கள்.