அப்பா கெடுத்த வண்டி

"அப்பா கெடுத்ததைத்தானே அண்ணே சரிசெய்யச் சொல்கிறேன்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று, அப்பாவின் பைக்கை என் பட்டறைக்குக் கொண்டுவந்த மகன் கேட்டார். நான் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். வேலை முடிந்து, பணமும் கைக்கு வந்து, வண்டியும் போய்விட்டது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மண்பாதையில் பந்தயம் ஓட்டும் வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டி என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு இருந்திருக்கிறது. கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதைப் பார்த்ததுமே ஜாவா குடும்பம் என்று தெரிந்துவிட்டது. ஹேண்டில் தலையில் பெயின்டைச் சுரண்டி எண்ணைப் படித்தேன்; ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த யெஸ்டி 250தான். ஆனால் மைசூர்க்காரர்கள் பார்த்திருந்தால் தங்கள் வண்டி என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். முன்னால் புல்லட்டின் 19 அங்குல ரிம், ஹேண்டில்பாரில் குறுக்குக் கம்பி, பின்பக்கம் அறுத்துக் குட்டையாக்கிய சேசிஸ், சீட்டுக்குக் கீழே தூக்கிக் கட்டிய சைலன்ஸர். சோழவரத்தில் ஓடிய வண்டி என்றார். சென்னைக்குப் பக்கத்தில் பந்தயங்கள் நடந்த சோழவரம், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம், கெட்டியான தரை; இந்த வண்டியோ மண்ணுக்காகச் செய்தது. எந்த மண்ணில் ஓடியது என்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர் என்பதுதான் யெஸ்டியின் முகம். இதில் புகை வெளியேறும் ஒரு வாயை அடைத்திருந்தது. வளைய நட்டைக் கழற்றினால், உள்ளே கனமான இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, செப்பு வாஷர் வைத்து உட்கார வைத்திருந்தார் அந்த அப்பா. காற்று கசிந்த கறையே இல்லை. பெல்ஜியத்தின் ஜோயல் ரோபெர் 1964இல் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றது செக் நாட்டு சி.இசட். வண்டியில், அந்த நிறுவனமும் அதே பத்தாண்டில்தான் தன் இரட்டைக் குழாய் இயந்திரத்தை ஒற்றைக் குழாய்க்கு மாற்றியது. அந்தச் சேதி இந்த மனிதருக்கு எட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தானாகவே அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆதாரம் கேட்டால் கிடையாது.

பிஸ்டனிலும் கார்புரேட்டர் பக்கத்து அடிவிளிம்பை வெட்டியிருந்தார். இந்த இயந்திரத்தில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நுழையும் வாசலைத் திறந்து மூடுவது பிஸ்டனேதான். அடியை வெட்டினால் கலவை கூடுதல் நேரம் உள்ளே வரும். வேகத்தில் பறக்கும், சிக்னலில் இருமும். சைலன்ஸரோ கையால் உருட்டிய கூம்புகளைக் கேஸ் வெல்டில் கோத்தது. நடுவில் ஒரே இடத்தில் வெல்டு மேல் வெல்டு. நீளம் சரியில்லை என்று அறுத்து, ஒட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி அறுத்திருக்கிறார். திரும்பிவரும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் கலவையைச் சரியான நொடியில் உள்ளே தள்ள வேண்டும். கூம்பின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் பலனில்லை. காதையும் ரம்பத்தையும் வைத்துக்கொண்டே அந்த நீளத்தைத் தேடியிருக்கிறார்.

இதையெல்லாம் மகனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அம்மா இதில் உட்கார்ந்து போனது கல்யாணமான புதிதில்தான். அப்புறம் பின் சீட்டே இல்லை" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். விளக்கும் மட்கார்டும் இல்லாமல், சேசிஸ் அறுத்த வண்டியை எந்த ஆய்வாளரிடம் காட்டுவது? பதிவில் உள்ள அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவே அவருக்குச் சாதகம். வண்டி அவருடையது, அப்பாவும் அவருடையவர். எவனோ ஒரு மெக்கானிக் வந்து "உங்கள் அப்பா மேதை" என்று சொல்வதைக் கேட்க அவர் பட்டறைக்கு வரவில்லை. உரிமையாளர் சொல்வதுதான் வேலை என்று பையன்களிடம் தினமும் சொல்கிறவன் நான்.

ஆகவே செய்தேன். புதுப்பேட்டையில் அலைந்து பின் சேசிஸ் துண்டும், இரண்டு சைலன்ஸர்களும், வெட்டாத பிஸ்டனும் வாங்கி வந்தேன். வெல்டுத் தழும்புகளை நானே தேய்த்தேன், பையன்களிடம் விடவில்லை. நன்றாக வந்தது. தாய் வந்து பார்த்தார், சீட்டைத் தொட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனால் அப்படியே அவர் சொன்னபடி செய்தேனா என்றால், இல்லை. டாங்குக்கு அடியில், ஹேண்டில் தலையும் சேசிஸ் குழாயும் சேரும் மூலையில், அவர் அப்பா வைத்த முக்கோணத் தகடுகள் இரண்டு இருந்தன. அவற்றை விட்டுவிட்டேன். எடுத்தால் அந்த இடத்துக் குழாய் வெல்டுச் சூட்டில் பலவீனப்பட்டுவிடும் என்று பில்லில் எழுதினேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கழற்றிய பொருள்களை, அதாவது வாயை அடைத்த தகடு, பிஸ்டன், சைலன்ஸரைச் சாக்கில் கட்டிக் கொடுத்தேன். பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். போடவில்லை. அதைக் கேட்காமல் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று சில நாள் தோன்றுகிறது. அவர் வேண்டாம் என்றதுதானே என்று சில நாள்.

போன வாரம் ஒரு இளைஞர் நல்ல நிலையில் இருக்கும் யெஸ்டியைக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அறுத்து மண்ணில் ஓட்டும் வண்டியாக்கித் தரக் கேட்டார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டார். ஆர்.சி. சிக்கல் என்றேன்.