எட்டு விழும் வழிகள்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் எங்கள் பள்ளி மைதானம் குளமாகிவிடும் என்பதால், வியாசர்பாடியில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்த ஆண்டுகளில் அம்மாதத்து விளையாட்டு வேளைகள் வகுப்பறைத் தரையிலேயே கழிந்தன. ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு புளியங்கொட்டைகளை உருட்டிப் பிள்ளைகள் தாயம் ஆடுவார்கள். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், அதாவது ஒன்று; இரண்டு வெள்ளைக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்கும் வெள்ளையானால் நான்கு, நான்கும் கறுப்பானால் எட்டு. எட்டு விழாதவனைப் பார்த்து, "அவனுக்குக் கைராசி இல்ல மிஸ்" என்பார்கள்.

ராசி என்று ஒன்றில்லை என ஒருநாள் நான் பிரசங்கமே செய்து பார்த்தேன், பயனில்லை. விழக்கூடியவை ஐந்து எண்கள், ஆகவே எட்டு ஐந்தில் ஒருமுறை விழவேண்டும், விழாவிட்டால் கைதான் காரணம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் ஒழுங்கு இருந்தது; எதை எண்ணுவது என்பதில்தான் பிழை.

குழந்தைகள் தற்செயலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1951-இல் எழுதிய நூலின்படி, எல்லா வாய்ப்புகளையும் முறையாகப் பட்டியலிடும் திறன் ஏறக்குறைய 11, 12 வயதில்தான் கைகூடுகிறது. என் மாணவர்களுக்கு வயது 10. அதையே சாக்காக வைத்து இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நான் தொடாமல் விட்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு, நான்கு கொட்டைகளுக்கும் ஆளுக்கொரு பெயர் வைக்கச் சொன்னேன். பெயர் வந்ததும் கொட்டைகள் தனித்தனி ஆட்களாகிவிட்டன. இவன் வெள்ளை மற்றவர்கள் கறுப்பு, அவன் வெள்ளை மற்றவர்கள் கறுப்பு என்று சண்டையும் அழித்தெழுதலுமாக இரண்டு பாடவேளை ஓடியபின் கரும்பலகையில் 16 வரிகள் நின்றன. அவற்றில் தாயத்துக்கு 4 வழிகள், இரண்டுக்கு 6, மூன்றுக்கு 4. நான்குக்கும் எட்டுக்கும் ஒவ்வொன்றுதான். கைராசிப் பேச்சு அன்று சற்று அடங்கியது.

வெற்றி பெற்றுவிட்ட மிதப்பில், 200 முறை உருட்டினால் எட்டும் நான்கும் தலா 12, 13 தடவை விழும் என்று சொல்லிவைத்தேன். எட்டு 31 தடவை விழுந்தது. நான்கு வெறும் 4 தடவை. நான் விழித்துக்கொண்டிருக்கையில், ஒரு சிறுமி கொட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தேச்ச பக்கம் தட்டையா இருக்கு மிஸ், அதான் தரையில படுத்துக்குது, கறுப்பு மேல வருது" என்றாள். 16 வழிகளும் சம வாய்ப்புடையவை என்று நான் சொல்லாமலே எடுத்துக்கொண்டதை அவள் விரல் கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் ஒருவன், தேய்க்காமல் ஒருபக்கம் மட்டும் ஒயிட்னர் பூசிய நான்கு கொட்டைகளோடு வந்து, மீண்டும் 200 முறை உருட்டலாமா என்று கேட்டான்.